குறைந்த விலையில் நல்ல உடை: உள்ளூரிலும் வெளிநாட்டிலும் நீங்கள் நம்பிப் போகும் இடம் எது?

காவிரிக்கரையாள்

தை மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பட்டுப் புடவைக் கணக்கை அண்ணியும் சம்பந்தி வீட்டாரும் பார்த்துக்கொள்கிறார்கள். மற்ற துணிமணி எல்லாம் என் பொறுப்பு. மாமன் மச்சான்களுக்கு வேட்டி சட்டை, சித்தி பெரியம்மாக்களுக்குச் சேலை, பிள்ளைகளுக்கு உடுப்பு, தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் சமையல்காரர்களுக்கும் துணி. வாங்கிக்கொள்கிறவர் அதை எடுத்து ஆசையாக உடுத்த வேண்டும் என்பது என் பிடிவாதம். ஒரே துவைப்பில் சாயம் போகும் சேலையைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்பதைவிட வெற்றிலை பாக்கோடு நிறுத்திக்கொள்வதே மரியாதை.

கொழும்பு, பாரிஸ், கோலாலம்பூர், அமெரிக்கா என்று உறவுகள் சிதறிக் கிடப்பதால் வெளிநாட்டுச் சந்தைகளையும் சேர்த்தே கேட்கிறேன். கடைப் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போகாமல், அங்கே விலை ஏன் இறங்குகிறது என்பதையும் எழுதுங்கள். காரணம் தெரிந்தால்தான் எதற்கு எங்கே போவது என்று முடிவு செய்ய முடியும்.

மாம்பலம் ரயிலடி

அக்கா, என் ஓட்டு சென்னை தியாகராய நகர் ரங்கநாதன் தெருவுக்கு. மாம்பலம் நிலையத்தில் இறங்கினால் நேராகத் தெருவுக்குள்தான் காலை வைப்பீர்கள். ஒரே தெருவில் இவ்வளவு துணிக்கடைகள் இருப்பதால் ஒரு கடையின் விலையை அடுத்த கடை காட்டிக்கொடுத்துவிடும். பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதை வளாகம் வந்த பிறகு வயதானவர்களையும் நிம்மதியாகக் கூட்டிப் போக முடிகிறது.

கூட்டம் பிடிக்காதவர்கள் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் போகலாம். வடசென்னைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கல்யாணத் துணி எடுக்கும் தெரு அது. அதே தரத்துக்குத் தியாகராய நகரைவிடக் கையை லேசாகத்தான் கடிக்கும். மொத்தமாக வேண்டுமென்றால் பாரிமுனைப் பக்கம் கோடவுன் தெரு. சட்டைத் துணியும் ரவிக்கைத் துணியும் அங்கே முழுச் சுருளாகவே எடுக்கலாம்.

விலை இறங்கும் காரணம் கேட்டீர்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது, வியாபாரம் படுத்துவிடும். தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதற்கு முன்னால் பழைய சரக்கு வெளியேற வேண்டும். ஆடித் தள்ளுபடி பிறந்ததே அதனால்தான். அடுத்த வருடக் கல்யாணத்துக்கு இந்த ஆடியிலேயே எடுத்து வைக்கும் வீடுகள் பல உண்டு.

தறிக்காரர் மகள்

ஆடித் தள்ளுபடியில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. ஆனியில் 700 ரூபாய் அட்டை தொங்கிய சேலைக்கு ஆடியில் 1,400 என்று புது அட்டை ஒட்டிப் பாதி விலை என்று விற்றதை எங்கள் ஊர்க் கடையொன்றில் பார்த்தேன். எல்லாக் கடையும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் தள்ளுபடி சதவீதத்தைப் பார்த்து வாங்குகிறவர் கடைக்காரர் எழுதிய கணக்கைத்தான் பார்க்கிறார், துணியைப் பார்க்கவில்லை. சேலையைப் பிரியுங்கள், உடல், கரை, முந்தானை மூன்றையும் தடவிப் பாருங்கள், என்ன கொடுக்கலாம் என்று மனதில் ஒரு விலை போடுங்கள், பிறகு அட்டையைத் திருப்புங்கள்.

எனக்குத் தெரிந்து நம்பத்தக்க தள்ளுபடி கோ-ஆப்டெக்ஸ் தருவதுதான். 1935-இல் தொடங்கிய கூட்டுறவு நிறுவனம். தீபாவளியை ஒட்டித் தரும் 30 சதவீதத் தள்ளுபடிக்கு அரசின் பணம் துணை நிற்கிறது. விலையை ஏற்றிவிட்டு இறக்கிக் காட்டும் அவசியம் அங்கே இல்லை. மாதச் சேமிப்புத் திட்டமும் உண்டு. பெரியம்மாக்களுக்குப் பருத்திச் சேலை என்றால் வேறு எங்கும் அலைய வேண்டாம். தீபாவளித் தள்ளுபடியிலேயே தை மாதத்துக்கு எடுத்துவிடுங்கள்.

பனியன் ஊர்க்காரன்

திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். எங்கள் ஊர்த் துணிச் சந்தையான காதர்பேட்டையைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். நானே எழுதிவிடுகிறேன்.

ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான். அங்கே துணி மலிவாக இருப்பதன் காரணம் தையல் மேசையிலேயே தொடங்குகிறது. வெளிநாட்டு பையர், அதாவது சரக்கு வாங்குகிறவர், ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஆர்டர் கொடுப்பார். சாயத்திலோ தையலிலோ சில உருப்படிகள் கெடும் என்று தெரிந்தே கம்பெனி கொஞ்சம் கூடுதலாக வெட்டும். ஷிப்மென்ட் போன பிறகு மிஞ்சிய நல்ல உருப்படிகள்தான் சர்ப்ளஸ். பையர் ஆர்டரை ரத்து செய்தாலோ, நாள் தவறியதால் சரக்கை ஏற்க மறுத்தாலோ முழு லாட்டும் இந்தப் பக்கம் வந்துவிடும். அதில் பழுது ஒன்றும் இருக்காது. செக்கிங்கில் கழித்துப் போட்டவை செகண்ட்ஸ். எண்ணெய்க் கறை, ஊசித் துளை, பிரின்ட் விலகியது, ஒரே சட்டையில் கைக்கும் உடலுக்கும் நிற வேறுபாடு, இப்படி ஏதாவது ஒன்று இருக்கும்.

இவை இரண்டும் இல்லாமல் மூன்றாவதாக ஒன்று உண்டு. உள்ளூர்ச் சந்தைக்கென்றே மெல்லிய துணியில் தைத்து, பெரிய பிராண்டின் லேபிளை வைத்து விற்கும் போலி. உண்மையான சர்ப்ளஸில் பெரும்பாலும் கழுத்து லேபிளைப் பாதி வெட்டியிருப்பார்கள், அல்லது பிடுங்கியிருப்பார்கள். தன் பெயரோடு சந்தையில் விற்கக் கூடாது என்பது பையரின் நிபந்தனை. ஆகவே வெட்டிய லேபிளைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். நடைபாதை விலையில் லேபிளும் அட்டையும் பளபளவென்று முழுசாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். கழுத்து லேபிளை வெட்டுகிறவர்கள் உள்ளே இடுப்புத் தையலில் இருக்கும் சலவைக் குறிப்பு லேபிளை விட்டுவிடுவதுண்டு. நூல் கலவை என்ன என்று அதில் இருக்கும். பருத்தி 100 சதவீதம் என்று கடைக்காரர் சொல்லி, லேபிள் 60க்கு 40 என்று சொன்னால் லேபிளை நம்புங்கள்.

கையில் எடுத்ததும் முதலில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஊசி உடைந்த இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு ஓடும். முதல் துவைப்புக்குப் பிறகு அந்தக் கோடு துளைகளாகப் பிரியும். அடுத்து, சட்டையின் இரு தோள்களையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிடுங்கள். பக்கத் தையல் நேராக இறங்க வேண்டும். முன்பக்கமாகத் திரும்பி வந்தால் துணியில் முறுக்கு இருக்கிறது, துவைக்கத் துவைக்க அது அதிகமாகும். கழுத்து ரிப்பை விரல்களால் இழுத்து விடுங்கள். சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால் பத்தாவது நாள் கழுத்து தொங்கிவிடும். வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை நனைத்துக் கொண்டுபோய் உள்பக்கத் தையலில் தேய்த்துப் பார்ப்பது சாயத்துக்கு. அடர் சிவப்பு, கறுப்பு, கருநீலம் மூன்றுக்கும் இதைச் செய்யாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

துணியின் கனத்தை ஜி.எஸ்.எம். கணக்கில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. 180 என்றால் டி-ஷர்ட்டுக்கு நல்ல கனம், 140க்குக் கீழே போனால் உள்பனியன் தெரியும். கடைக்காரர் சொல்லும் எண்ணைவிட உங்கள் உள்ளங்கை நம்பகமானது. துணிக்கு அடியில் கையை வைத்துப் பாருங்கள், ரேகை தெரிந்தால் அது மெல்லியது.

தறிக்காரர் மகள்

ஊர்க்காரன் அண்ணா, விளக்கம் அருமை. ஆனால் கல்யாண வீட்டில் கழித்துப் போட்ட துணியைக் கொடுப்பது முறையா?

பனியன் ஊர்க்காரன்

செகண்ட்ஸைக் கொடுக்கச் சொல்லவே மாட்டேன் அம்மா. பிள்ளைகள் வீட்டில் புரண்டு விளையாட செகண்ட்ஸ் போதும். சீர்த் தட்டில் வைக்க சர்ப்ளஸ் மட்டும், அதுவும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து. கடைக்காரரிடம் "சர்ப்ளஸா, செகண்ட்ஸா" என்று நேராகக் கேளுங்கள். காதர்பேட்டையில் அது அவமானமான கேள்வி இல்லை. தொழில் தெரிந்தவர் என்று நினைத்து விலையையும் ஒழுங்காகச் சொல்வார்கள்.

தறிக்காரர் மகள்

வேட்டி, துண்டு, லுங்கி, சேலைக்குத் திருப்பூர் போகக் கூடாது. அது பின்னலாடை ஊர். நெசவுத் துணிக்கு ஈரோடு. பன்னீர்செல்வம் பூங்காவை ஒட்டிய கனி மார்க்கெட்டில் வாரச் சந்தை திங்கள்கிழமை மாலை கூடிச் செவ்வாய்க்கிழமை வரை நடக்கும். கேரளம், கர்நாடகம், ஆந்திரத்திலிருந்து வியாபாரிகள் இரவோடு இரவாக வந்து மூட்டை கட்டுவார்கள். சுற்றுவட்டாரத்துத் தறிகளிலிருந்து நேராக வரும் சரக்கு, நடுவில் கை மாறுவது குறைவு, அதனால்தான் விலை குறைவு. மொத்தமாக எடுக்கிறவருக்கே முதல் மரியாதை. கல்யாணத்துக்கு வேண்டியதே ஒரு சின்ன மொத்தம்தான் என்பதால் உங்களுக்கு அது பொருந்தும். மண்டபத்துக்கு ஜமுக்காளமோ, ஊரிலிருந்து வருகிறவர்களுக்குப் போர்வையோ வேண்டுமென்றால் பவானியும் சென்னிமலையும் பக்கத்திலேயே இருக்கின்றன.

பகட்டான சேலை குறைந்த விலையில் வேண்டுமென்றால் சேலத்தை ஒட்டிய இளம்பிள்ளை. அங்கே கிடைப்பதில் பெரும்பகுதி பட்டு போலத் தோன்றும் செயற்கை இழை. அதைத் தெரிந்துகொண்டு அந்த விலையில் வாங்கினால் நல்ல சேலைதான். பட்டு என்று சொல்லி யாராவது விலை வைத்தால் முந்தானைக் குஞ்சத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்துங்கள். பட்டு முடி கருகும் வாடை அடிக்கும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகச் சுருளும். பருத்தியும் விஸ்கோஸும் காகிதம் எரிவதைப் போல எரியும். எங்கள் அப்பா தறிக்கு நூல் வாங்கும்போது செய்த சோதனை இதுதான். நல்ல சரக்கு வைத்திருக்கும் கடைக்காரர் தடுக்க மாட்டார்.

தைத்த ஆடை எடுக்கிறவர்கள் வரியையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் உருப்படி 2,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். லெஹங்கா, ஷெர்வானி போன்றவற்றில் இந்த எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது பில்லில் நன்றாகவே தெரியும்.

மட்டக்களப்பான்

கொழும்பில் இருக்கும் உங்கள் உறவினரைப் பமுனுவவுக்கு அனுப்புங்கள். மகரகமவில் இருக்கிறது. வீதியின் இரு பக்கமும் உடுப்புக் கடைகள், சீத்தை என்று நாங்கள் சொல்லும் பூப்போட்ட பருத்தித் துணிக் கடைகள். இலங்கையும் ஏற்றுமதிக்கு உடுப்புத் தைக்கும் நாடு என்பதால் ஊர்க்காரன் அண்ணா சொன்ன அதே மிச்சம் எங்களிடமும் உண்டு. இன்று பெரிய கடையாக இருக்கும் ஓடெல் 1989-இல் தொடங்கியதே ஏற்றுமதி மிச்ச உடுப்புகளை விற்றுத்தான். பெண்களின் அலுவலக உடுப்பு, உள்ளாடை, பிள்ளைகளின் இரவு உடுப்பு ஆகியவற்றில் எங்கள் தையல் ஒரு படி மேல் என்று துணிந்து சொல்வேன்.

சேலை, சாரம் (லுங்கி), தைக்கும் துணி என்றால் கொழும்பின் புறக்கோட்டை. மெயின் வீதியிலும் கெய்சர் வீதியிலும் இரண்டாம் குறுக்குத் தெருவிலும் தமிழிலேயே பேசி வாங்கலாம். ஞாயிறும் போயா என்னும் பௌர்ணமி விடுமுறை தினமும் பல கடைகள் பூட்டியிருக்கும். சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரத்தில் கால் வைக்க இடம் கிடையாது, அப்போது விலையும் இறங்காது. புத்தாண்டு முடிந்த பிறகு போவதே நல்லது.

லா சப்பல் அக்கா

தறிக்காரர் மகள் ஆடி அட்டையைப் பற்றி எழுதியதைப் படித்ததும் இங்குள்ள சட்டத்தைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பிரான்சில் பெருந்தள்ளுபடிக் காலத்தை அரசே வரையறுக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் நான்கு வாரம். முன்பு ஆறு வாரமாக இருந்தது. குளிர்காலத் தள்ளுபடி ஜனவரி இரண்டாம் புதன்கிழமை வாக்கிலும் கோடைத் தள்ளுபடி ஜூன் கடைசிப் புதன்கிழமை வாக்கிலும் தொடங்கும். கடையில் குறைந்தது ஒரு மாதமாவது விற்பனைக்கு இருந்த சரக்கையே அதில் வைக்கலாம். தள்ளுபடிக்கென்று புதிதாக இறக்கக் கூடாது. அடக்க விலைக்கும் கீழே விற்க அந்த வாரங்களில் அனுமதி உண்டு. இது போக, ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 2022 மே மாதத்திலிருந்து, விலையைக் குறைத்ததாக அறிவிக்கும் கடை அதற்கு முந்திய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையையே பழைய விலையாகக் காட்ட வேண்டும். 700 ரூபாய்ச் சேலையில் 1,400 என்று அட்டை ஒட்டும் வித்தைக்கு இங்கே அபராதம் விழும். நம் ஊரிலும் இப்படி ஒரு விதி வேண்டும் என்பது என் ஆசை. ஆடித் தள்ளுபடி நம்முடைய நல்ல வழக்கம். அதன் பெயர் கெடக் கூடாது.

முதல் வாரம் அளவுகள் எல்லாம் இருக்கும், தள்ளுபடி குறைவு. கடைசி வாரம் தள்ளுபடி எகிறும், மிக ஒல்லியானவருக்கும் மிகப் பருத்தவருக்கும் உள்ள அளவுகளே மிஞ்சும். இரண்டாம் வாரம் வேலைநாள் காலையில் போவதுதான் என் வழக்கம். தோல் காலணி, கம்பளிக் கோட்டு, கைப்பை ஆகியவற்றுக்கு மட்டும் போகிறேன். பருத்திச் சட்டையை இங்கே வாங்கி ஊருக்குக் கொண்டுவருவதில் அர்த்தமில்லை.

லண்டன் வழியாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டனில் வாங்கும் பொருளுக்கு விமான நிலையத்தில் வாட் வரியைத் திரும்பப் பெறும் வசதி 2021 ஜனவரி 1 முதல் இல்லை. பழைய நினைப்பில் கணக்குப் போட வேண்டாம். ஆனால் வசதியானவர்கள் வாழும் பகுதிகளின் அறக்கட்டளைக் கடைகளை, ஆக்ஸ்ஃபாம் போன்றவற்றைத்தான் சொல்கிறேன், தவறவிடாதீர்கள். ஓரிரு முறை உடுத்திய கம்பளி உடைகள் அங்கே வந்து சேரும்.

மாம்பலம் ரயிலடி

அக்கா, பிறர் உடுத்திய துணியை நம் வீடுகளில் ஏற்பார்களா?

கிள்ளான்காரி

ஏற்க வைக்கத்தான் வேண்டும் தம்பி. மலேசியாவில் பண்டல் கடை என்று சொல்வோம். ஜப்பானிலிருந்து கட்டுக் கட்டாக வந்து இறங்கும் பழைய உடைகள். ஜீன்ஸ், ஜாக்கெட், குழந்தைகளின் குளிர் உடை எல்லாம் புதிது போலவே இருக்கும். என் இரண்டு பிள்ளைகளும் பல்கலைக்கழகத்தில் உடுத்தியது பெரும்பாலும் அதுதான். வாங்கி வந்ததும் சுடுநீரில் சோப்புப் போட்டு ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் காயவிட்டால் போதும். உள்ளாடையும் நீச்சலுடையும் மட்டும் வாங்குவதில்லை. நம் வழக்கத்தையே பாருங்கள், பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத் துணியா போடுகிறோம்? மூத்தவர்கள் உடுத்திப் பழகிய மெத்தென்ற பழந்துணியில்தானே சுற்றுகிறோம்?

கல்யாணத்துக்கு அதைக் கொடுக்கச் சொல்லவில்லை. அதற்குக் கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா சாலையும் துவாங்கு அப்துல் ரகுமான் சாலையும் இருக்கின்றன. சனிக்கிழமை மாலை அவற்றை ஒட்டிய லோரோங் டி.ஏ.ஆர். சந்தின் இரவுச் சந்தையில் சால்வையும், மெழுகு வைத்துச் சாயமிடும் பாத்தேக் துணியும் கை நிறைய வாங்கலாம். பாத்தேக் துணி பெரியம்மாக்களுக்கு வீட்டில் உடுத்த மிக ஏற்றது. சிங்கப்பூர் போகிறவர்கள் தேக்கா சென்டர் மேல்மாடியைப் பாருங்கள். பஞ்சாபி உடை வரிசை வரிசையாகத் தொங்கும், அளவு குறைத்துத் தைத்துத் தரும் தையற்காரர்களும் அங்கேயே இருக்கிறார்கள்.

வீட்டுக்கடை சகோதரி

நான் வீட்டிலிருந்தே பெண்கள் உடை விற்கிறேன். எனக்குப் பிடித்தது பாங்காக்கின் பிரதுநாம் பகுதி. பிளாட்டினம் மாலில் ஒரே கடையில் மூன்று உருப்படி எடுத்தால் பல கடைகளில் மொத்த விலை வந்துவிடும். ஒவ்வொன்றும் வேறு நிறமாக இருந்தாலும் சரி. பேரத்துக்கு முன்னால் இதைக் கேளுங்கள். உடுத்திப் பார்க்க விடாத கடைகள் அதிகம், பெரும்பாலானவை ஒரே அளவு. நம் உடல்வாகுக்குத் தோளிலும் கையிலும் பிடிக்கும். ஆகவே உங்களுக்குச் சரியாக இருக்கும் ஒரு சட்டையைக் கொண்டுபோய் மேலே வைத்து ஒப்பிடுங்கள். சத்துசக் வாரச் சந்தை சனி ஞாயிறு. வெயிலுக்கு முன் காலையிலேயே போய்விடுங்கள், பிடித்த கடையை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சந்துகளில் திரும்பி வந்து தேடுவது பெரும்பாடு.

விற்பதற்கென்று கொண்டுவருகிறவர்களுக்கு: விமானப் பயணியின் வரிச்சலுகை சொந்த உபயோகத்துக்கு மட்டும். வியாபாரச் சரக்கு என்றால் இறக்குமதிக் குறியீட்டு எண் எடுத்து முறைப்படி கொண்டுவர வேண்டும். பெட்டி நிறைய ஒரே மாதிரி உடை இருந்தால் சுங்கத்தில் கேள்வி வரும்.

டில்லி வாசகர்

சரோஜினி நகரை யாரும் சொல்லவில்லையே. வட இந்தியத் தொழிற்சாலைகளின் ஏற்றுமதி மிச்சம் குவியலாகக் கிடக்கும் சந்தை. திங்கள்கிழமை விடுமுறை. குவியலில் எடுத்தால் ஒரே விலை, பேரம் கிடையாது. தொங்கவிட்டிருப்பதற்குப் பேரம் உண்டு, சொன்னதில் பாதியிலிருந்து தொடங்கலாம். பழைய உடைகளும் கலந்திருக்கும். அக்குள் பகுதியையும் கழுத்துப் பட்டையையும் பார்த்தால் தெரிந்துவிடும்.

காவிரிக்கரையாள்

பாதியிலிருந்தா? நடைபாதையில் வெயிலில் நிற்கிறவரிடம் அவ்வளவு அடித்துப் பேச எனக்கு மனம் வராது. குளிரூட்டிய கடையில் அட்டை விலையை வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு, தலைச்சுமைக்காரரிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கு நிற்பது நியாயம் இல்லை.

டில்லி வாசகர்

அம்மா, நீங்கள் சொல்லும் நியாயம் புரிகிறது. ஆனால் அங்கே அவர்களே இரட்டிப்பாகச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். பேரம் பேசாமல் கொடுப்பதைவிட, நியாயமான விலைக்கு வந்து நான்கைந்து உருப்படி சேர்த்து எடுத்தால் அவருக்கும் வியாபாரம். ஒன்றை மட்டும் செய்யாமல் இருப்போம்: நாம் கேட்ட விலைக்கு அவர் இறங்கி வந்த பிறகு வாங்காமல் நகரக் கூடாது.

காவிரிக்கரையாள்

அதை ஒப்புக்கொள்கிறேன்.

நியூஜெர்சி தம்பி

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகளுக்கு உடுப்புக் கொண்டுவரலாம் என்று என் கருத்து. எங்கள் மாநிலத்தில் உடைக்கு விற்பனை வரி கிடையாது. பக்கத்து நியூயார்க்கில் ஓர் உருப்படி 110 டாலருக்குக் கீழே இருந்தால்தான் மாநில வரி விலக்கு. மார்ஷல்ஸ், ராஸ் போன்ற கடைகள் பிற நிறுவனங்களின் மிச்சச் சரக்கை வாங்கி விற்பவை, அங்கே தேடினால் கிடைக்கும். அவுட்லெட் மால்களில் மட்டும் கவனம் தேவை. பெரிய கடையில் விற்காமல் போன சரக்குதான் அங்கே வருகிறது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். பல பிராண்டுகள் அவுட்லெட்டுக்கென்றே தனியாகத் தைக்கின்றன, துணியும் தையலும் வேறு. அதே பிராண்டின் பெரிய கடையில் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

ஊர்க்காரன் அண்ணாவிடம் ஒரு கேள்வி. காதர்பேட்டையில் பிள்ளைகள் உடையை வாங்கினால் அளவு எப்படிப் பார்ப்பது? இங்கே 4டி, 5டி என்கிறார்கள், ஊரில் 22, 24 என்கிறார்கள், சர்ப்ளஸில் 116, 122 என்று ஏதோ இருக்கிறது.

பனியன் ஊர்க்காரன்

116, 122 என்பது ஐரோப்பிய ஆர்டர், தம்பி. அது பிள்ளையின் உயரம், சென்டிமீட்டரில். 98, 104, 110, 116, 122, 128 என்று ஆறு ஆறாக ஏறும். வயதைப் பார்த்து எடுக்காதீர்கள், ஐரோப்பியப் பிள்ளைகளின் வயதுக்கும் நம் பிள்ளைகளின் வளர்த்திக்கும் ஒத்துவராது. பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு போங்கள். 113 இருந்தால் 116ஐ எடுக்காமல் 122ஐ எடுங்கள், பருத்தி முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கும். இடுப்பு மட்டும் நம் பிள்ளைகளுக்குத் தளரும். அதனால் கால்சட்டை என்றால் உள்ளே பொத்தான் வைத்த எலாஸ்டிக் இருக்கிறதா என்று இடுப்புப் பட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஐரோப்பிய ஆர்டர்களில் அது அடிக்கடி இருக்கும். இழுத்து அடுத்த துளையில் மாட்டிவிடலாம்.